தாழ்வாரத்து ஆறாவது பிள்ளை

லா சப்பல்
பாரிஸ்
10 மார்ச் 2024

என் அன்புத் தங்கச்சி சுபாங்கிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் முழுப்பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ ரயிலேறி வந்து நிற்பாய். ஆகவே இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன கிழமை நீ போன் எடுத்தபோது "ஓம், ஓம்" என்றேனே, அதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. இடது காது இப்போது பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனிக் கடிதத்திலேயே கதைப்போம்.

இங்கே ஒரு புதினம். நாங்கள் இவ்வளவு காலமும் குடியிருந்த பழைய கடைக் கட்டடத்தை வீட்டுக்காரன் இடித்துவிட்டான் அல்லவா? புதுமாடி கட்டுவதற்கு முன் பின்வளவைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி அரசாங்கம் ஆட்களை அனுப்பியிருக்கிறது. எல்லாம் உன்னைப் போலப் படித்த பிள்ளைகள். தலையில் தொப்பி, கையில் சின்னக் கரண்டி. ரோமர் காலத்துச் சுவர் ஒன்று வந்திருக்கிறதாம். எங்கள் புது அறை ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் எல்லாம் தெரியும்.

அத்தானுக்கு விசர். விடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். "இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ" என்று யன்னலால் கத்தினால், "பொறும்" என்று கையைக் காட்டுகிறார். குளிர்காலம் இன்னும் போகவில்லை. இதயத்தில் கம்பி வைத்த மனிசன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டுவார்கள்? முழு வளவையுமா, சுவர் இருக்கிற பக்கம் மட்டுமா? தண்ணீர்க் குழாய் மூலையை விட்டுவிடுவார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா கோசலை

*

நீம்
22 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன், ஆனால் நானே சமைக்கிற சாப்பாடு என்பதால் பெருமைப்பட ஒன்றுமில்லை. அத்தானைக் கம்பளித் தொப்பி போடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன அகழாய்வைப் பற்றி எனக்கும் தெரியும். அதை நடத்துகிற ஷார்லோத் என்னோடு படித்தவள். ரோமர் காலத்தில் பாரிசிலிருந்து வடக்கே போன பெருந்தெரு உங்கள் லா சப்பல் வழியாகத்தான் போனது. அந்தச் சுவர் வழிப்போக்கர் தங்கிய விடுதியாக இருக்கலாம் என்கிறாள்.

ஆழம் கேட்டீர்கள். மனிதர் கை படாத மண் வரும்வரை தோண்டுவார்கள். குழாய் மூலையையும் விடமாட்டார்கள். அந்த மூலை ஞாபகமிருக்கிறதா அக்கா? நான் பதினாறு வயதில் உங்களிடம் வந்த புதிதில், அங்கே கதிரை போட்டுப் படிக்க இருந்ததற்கு, "எழும்படி அதிலையிருந்து!" என்று பாய்ந்து வந்தீர்கள். அத்தான்கூடப் பயந்துவிட்டார். கார்த்திகை விளக்கீட்டுக்கு அந்த மூலையிலும் தவறாமல் ஒரு விளக்கு வைப்பீர்கள். ரோமரைக் காவல் காத்தீர்கள் போல!

இங்கே தெற்கில், நீம் நகரத்தில் வெயில் வந்துவிட்டது. உங்கள் காதுக்கு வைத்தியரிடம் நாள் எடுங்கள்.

உங்கள் தங்கை சுபாங்கி

*

லா சப்பல்
14 ஏப்ரல் 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

புதுவருட வாழ்த்து. மருத்துநீர் போத்தலைக் கடையில் வாங்கி வந்து இரண்டு பேரும் தலையில் தேய்த்து முழுகினோம். நீ அங்கே சும்மா பச்சைத் தண்ணீரில் குளித்திருப்பாய். அடுத்த வருடமாவது வருடப்பிறப்புக்கு வந்து நில்.

அத்தான் இப்போது வேலிக்கு வெளியே இல்லை. அந்த ஷார்லோத் பிள்ளை, "இந்த மூசியே ஒரு நாளும் தவறாமல் வருகிறாரே, பழைய காலத்தில் எவ்வளவு ஆசை!" என்று சொல்லி உள்ளே ஒரு கதிரை போட்டுக் கொடுத்துவிட்டாள். இவரும் போய் இருக்கிறார். வெறுங்கையோடு இருப்பது சரியில்லையாம், என்னை வடை சுடச் சொல்கிறார். நானும் சுட்டுக் கொடுக்கிறேன். பிள்ளைகள் உறைக்குது உறைக்குது என்று கண்ணீர் விட்டபடி சாப்பிடுகிறார்களாம்.

ரோமரின் சாமான் இல்லாமல் வேறு ஏதாவது வந்தால் என்ன செய்வார்கள்? பிந்தின காலத்துச் சாமான்? மண்ணோடு அள்ளி எறிந்துவிடுவார்களா? அல்லது யாரிடமாவது போய்ச் சொல்வார்களா?

அத்தான் இரவில் நித்திரை கொள்கிறாரில்லை. வயது போனால் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

உன் அக்கா கோசலை

*

நீம்
6 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். வடைக் கதையை ஷார்லோத்தும் சொன்னாள். அத்தானை அவர்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

இன்று சந்தோஷத்தில் எழுதுகிறேன். அந்த ரோமச் சுவர் ஓரமாக ஐந்து பச்சைக் குழந்தைகளின் புதைகுழிகள் வந்திருக்கின்றன. எல்லாம் பிறந்த உடனே இறந்தவை. ரோமர்கள் பல் முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை. மயானத்துக்கும் கொண்டுபோவதில்லை. வீட்டோடு, கூரைத் தாழ்வாரத்தின் கீழ், மழைநீர் சொட்டுகிற ஓரத்தில் புதைத்து மேலே ஒரு அரைவட்ட ஓட்டைக் கவிழ்ப்பார்கள். பிறந்த குழந்தையின் எலும்பு பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் கொஞ்சப் பேர். அதனால் ஐந்தும் என் ஆய்வுகூடத்துக்கு வருகின்றன.

நேற்று ஷார்லோத் மறுபடி அழைத்தாள். குழாய் மூலையில் ஆறாவது! அதே மாதிரி ஓடு. குழியின் மேல்மண்ணை இயந்திரம் ஏற்கனவே வழித்துவிட்டது, பெரிய மழை வேறு வரப் பார்த்தது. அதனால் ஓட்டைத் தூக்காமல் மண்ணோடு அப்படியே வெட்டிச் சாந்து பூசிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். நான்தான் திறக்க வேண்டும். ஆறு பேர், அக்கா! நான் படித்த அந்த யன்னலுக்குக் கீழேயே!

ஆசையோடு,
சுபாங்கி

*

நீம்
20 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன கோபம்? ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. போன் எடுத்தால் அத்தான் "ஓம் பிள்ளை, சுகம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். பின்னால் நீங்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. இருக்கிறீர்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நான் ஏதாவது பிழையாக எழுதிவிட்டேனா? செத்த பிள்ளைகளைப் பற்றிச் சந்தோஷம் என்று எழுதியது உங்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கும். என் வேலையில் அது பழகிவிடுகிறது. மன்னித்துவிடுங்கள்.

ஆறு பெட்டிகளும் வந்துவிட்டன. ஐந்தைப் பார்த்து முடித்துவிட்டேன். ஆறாவதை ஜூலை தொடக்கத்தில் திறப்பேன். செப்டம்பரில் மக்கள் பார்வை நாளுக்கு ஆறு குழிகளின் படங்களையும் வளவில் வைக்கப் போகிறாளாம் ஷார்லோத்.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

சுபாங்கி

*

லா சப்பல்
28 ஜூன் 2024

சுபாங்கி,

ஆறாவது பெட்டியைத் திறக்காதே.

அது ரோமப் பிள்ளை இல்லை. என்னுடைய பிள்ளை.

நீ வருவதற்கு முந்தி, தொண்ணூற்றோராம் ஆண்டு கார்த்திகை மாதம். எங்களுக்குப் பப்பியே, இந்த நாட்டில் இருப்பதற்கான பத்திரம், ஒன்றும் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒளித்திருந்தோம். எட்டாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் பொலிஸ் வரும், பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். மேல்வீட்டுப் புதுச்சேரிக்காரி சவரியம்மாள் ஓடி வந்து கை கொடுத்தா. அந்தப் புண்ணியவதியும் இப்போது இல்லை. பிள்ளை பிறந்தது, அழுதது, என் நெஞ்சில் கிடந்தது. விடிந்து முதல் மெத்ரோ ரயில் பாலத்தில் போன சத்தம் கேட்டது. அப்போது மூச்சில்லை.

ஊரில் பல் முளைக்காத பிள்ளையைச் சுடுவதில்லை, வளவுக்குள்ளே தாழ்ப்பதுதானே. யாரிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அத்தான் குழாய் மூலையில் வெட்டினார். வெட்டும்போது மண்ணுக்குள் ஒரு பழைய ஓடு வந்தது. எலி கிண்டாமல் இருக்கட்டும் என்று அதையே பிள்ளைக்கு மேலே கவிழ்த்தார். அது ரோமரின் ஓடு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது அந்தக் கதிரையில் போய் இருக்கிறார். நான் என்ன செய்ய? வடை சுடுகிறேன்.

திறக்காதே. அந்தப் பிள்ளையை அளந்து பார்க்காதே.

கோசலை

*

நீம்
3 ஜூலை 2024

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பெட்டியை நான் திங்கட்கிழமை திறந்துவிட்டேன்.

ஓட்டைத் தூக்கியதும் மண்ணில் மினுக்கம் தெரிந்தது. பொன்னிழை என்று நினைத்துத் துள்ளினேன், ரோமரில் பணக்காரர் அப்படிப் புதைத்ததுண்டு. அடுத்ததாகத் துருப்பிடித்த ஒரு ஊக்கு வந்தது. பிறகுதான் அந்தச் சரிகையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். உங்கள் கூறைச்சேலையின் முந்தானை ஏன் பாதி இல்லை என்று ஒருமுறை கேட்டேன். எலி வெட்டிவிட்டது என்றீர்கள்.

கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். அந்த மூலையில் கதிரை போட்டு இருந்தேனே என்று அழுதேன். பிள்ளை இல்லாத வீடு என்று நினைத்துத்தானே உங்கள் இருவரிடமும் அவ்வளவு செல்லம் கொண்டாடினேன்!

அக்கா, இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். அந்த எலும்பு பிந்திய காலத்தது என்று நான் அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பொலிஸுக்குப் போகும். அதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் வேறு மாதிரி. நானும் கூட வருகிறேன். எவ்வளவோ காலம் கடந்துவிட்டது, தண்டிக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையும் உங்கள் கைக்குத் திரும்பி வரும்.

சுபாங்கி

*

லா சப்பல்
1 ஓகஸ்ட் 2024

சுபாங்கிக்கு,

நினைக்கிறேன் என்கிறாய். நினைப்பை வைத்துக்கொண்டு நான் கொமிசாரியாவில், பொலிஸ் வாசலில் போய் நிற்கவா? பிறந்ததையும் பதியவில்லை, செத்ததையும் பதியவில்லை. கொன்றாயா என்று கேட்டால் யார் சாட்சி? சவரியம்மாள் எழும்பி வருவாவா? குடியுரிமையைப் பறித்தால் இந்த வயதில் எங்கே போவது? அத்தானை ஒரு அறையில் இருத்திக் கேள்வி கேட்டால், அந்த இதயம் தாங்குமா? நீ படித்தவள், உனக்கு எல்லாம் லேசு.

எனக்குப் பிள்ளை திரும்பி வேண்டாம். ரோமப் பிள்ளை என்றே எழுதிவிடு. பக்கத்தில் அந்த ஐந்து பேரும் இருந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். இருட்டுக்குள் தனியாகக் கிடக்குதே, தனியாகக் கிடக்குதே என்று எத்தனை வருடம் நெஞ்சு வெந்தேன். தனியாக இல்லை. ஆறு பேரையும் ஒரே தட்டில் வை. அது போதும்.

உன்னை வளர்த்ததற்கு இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

கோசலை

*

நீம்
19 ஓகஸ்ட் 2024

என் அக்காவுக்கு,

நித்திரை இல்லை. நீங்கள் கேட்டதைச் செய்ய மூன்று தடவை கணினிக்கு முன் இருந்தேன். முடியவில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் மட்டுமில்லை. அதுவும் இருக்கிறது, ஒளிக்க மாட்டேன். ஆனால் ரோமப் பிள்ளை என்று நான் எழுதினால், உங்களுக்கு அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்று எழுதுகிற மாதிரி. அதுவும் என் கையால். இனி வருகிற ஆட்கள் அதைப் படித்து, அது உண்மை என்று நம்புவார்கள். அதை மட்டும் கேட்காதீர்கள் அக்கா.

அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை. ஆய்வு முடியவில்லை என்று ஷார்லோத்திடம் பொய் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் கடைசிவரைதான் தள்ள முடியும். பெட்டியைக் களஞ்சியத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. என் மேசையில், யன்னல் பக்கம் வைத்திருக்கிறேன்.

அத்தானிடம் கதையுங்கள். ஒருமுறையாவது.

சுபாங்கி

*

லா சப்பல்
24 செப்டம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

இருந்து ஆறுதலாக வாசி. அத்தானுக்கு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வளவில் மக்கள் பார்வை நாள். அத்தான் வெள்ளைச் சேர்ட் போட்டார். "நீரும் வாரும்" என்றார். கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டார். போனேன். நல்ல சனம். கடைத்தெருச் சனமும் வெள்ளைக்காரருமாக நிறைந்து நின்றார்கள். ஷார்லோத் மைக்கில் கதைத்ததால் எனக்கும் கேட்டது. இவருக்கு அந்தக் கதிரையை முன்வரிசையில் போட்டிருந்தாள்.

ஐந்து படத்தையும் காட்டி முடித்து ஆறாவதுக்கு வந்தாள். ஓடு தெரிகிற படம். விடுதியில் வேலை செய்த அடிமைப் பெண்ணின் பிள்ளையாக இருக்கலாம் என்றாள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் நிறையச் சாகிறதால், தாய்மார் பெரிதாக அழுதிருக்க மாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள் என்றாள்.

அத்தான் எழும்பிவிட்டார்.

"நோன், மதாம், அப்படியில்லை" என்றார். ஷார்லோத் சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினாள், ஏதோ கேள்வி கேட்கப் போகிறார் என்று. உனக்கு அவருடைய உடைந்த பிரெஞ்சு தெரியும்தானே. "அவ அழுதவ. எனக்குத் தெரியும். அந்த ஓட்டை வைச்சது நான்" என்றார். திரும்பி என்னைக் காட்டினார். "இவதான் தாய்."

சனமெல்லாம் என் பக்கம் திரும்பியது. ஓடிப்போய்விடலாமா என்று நினைத்தேன். பேந்து பார்த்தால் அவர் அந்தச் சனத்துக்கு முன்னால் குழந்தைப் பிள்ளை மாதிரி விம்முகிறார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஷார்லோத் எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தாள். அவளும் அழுதாள்.

நேற்றுக் கொமிசாரியாவுக்குப் போனோம். இரண்டு பொம்பிளைப் பொலிஸ். மரியாதையாகக் கேட்டார்கள். பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேரின் எச்சிலும் எடுத்தார்கள். இனி நீ உள்ளதை எழுது.

உன்னை ஏசி எழுதினேன். மனதில் வைக்காதே.

உன் அக்கா கோசலை

*

நீம்
9 ஒக்டோபர் 2024

என் அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அறிக்கை போய்விட்டது. பிந்தியதற்கு மேலிடத்தில் எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். சரிதான், பிழை என்னுடையது. நான் நேரத்துக்குச் சொல்லியிருந்தால் அந்தப் படம் அங்கே வந்திருக்காது. ஆனால் வந்ததற்காக நான் வருத்தப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நீதிமன்றத்திலிருந்து பதில் வந்ததை ஷார்லோத் சொன்னாள். காலம் கடந்துவிட்டது, வழக்கு இல்லை, பிள்ளையைப் பெற்றவர்களிடம் கொடுக்கலாம். பெட்டியை நானே மடியில் வைத்து ரயிலில் கொண்டுவருவேன், வேறு ஒருத்தரிடமும் கொடுக்க மாட்டேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். பிறந்த குழந்தையின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் பிள்ளை, பிள்ளை என்றே எழுதுகிறீர்கள். எனக்கு யார் அக்கா பிறந்தது, மகனா மகளா என்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நேரில் கேட்டால் இருவரும் அழுவோம். எழுதுங்கள்.

சுபாங்கி

*

லா சப்பல்
14 டிசம்பர் 2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. நீ பெட்டியோடு வந்து நின்றபோதும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் சளி மாறியதா? மயானத்தில் அந்தக் குளிரில் தொப்பி இல்லாமல் நின்றாய், அத்தானுக்குப் புத்தி சொல்கிற ஆள்.

நீ போன பிறகு திரான்சி மயானத்துக்கு இரண்டு தடவை போனோம். சின்னப் பிள்ளைகளின் பக்கம், நல்ல துப்புரவு. ஓட்டைத் தர முடியாதாம், அது அரசாங்கத்தின் சொத்தாம். வைத்திருக்கட்டும். ஷார்லோத் வீட்டுக்கு வந்தாள். தாய்மார் அழுதிருக்க மாட்டார்கள் என்கிற வரியை எழுத்திலிருந்து எடுத்துவிட்டாளாம். அந்த ஐந்து தாய்மாருக்காகவும் எனக்குச் சந்தோஷம். வடை கட்டிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று விளக்கீடு. வளவில் இப்போது சீமெந்து. யன்னல் படியில் ஆறு விளக்கு வைத்தேன். ஒன்று எங்களுடையது, ஐந்து அவர்களுடையது. அவர்களுடைய பெட்டிகள் உன்னிடம்தானே இருக்கின்றன, எடுத்து வைக்கும்போது ஆறுதலாக எடுத்து வை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பெட்டைப் பிள்ளை, சுபாங்கி. நிறைய முடி. உன்னை மாதிரிக் கோப மூக்கு.

மேரியில், நகரசபையில், பதியும்போது பேர் கேட்டார்கள். பேர் வைக்க எங்கே நேரம் இருந்தது? இவர் யோசிக்கவே இல்லை. "கஜனி" என்றார். எழுத்து எழுத்தாகச் சொல்லியும் கொடுத்தார். வெளியே வந்து, "எப்ப வைச்ச பேர்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு" என்றார். "காதிலை மூண்டு தரம் சொன்னனான். நீர் நித்திரை."

இப்படிக்கு,
கஜனியின் அம்மா, உன் அக்கா,
கோசலை